ஓய்வுக்குப் பிறகு ஃபோர்வீலில் காட்டுப் பயணம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது

பினாங்கின் பிறையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு 60 வயதில் வெளியே வந்தேன். கையில் ஈபிஎஃப் சேமநிதிப் பணம், மனதில் பல வருட ஆசை. நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் பிக்-அப் ஒன்று வாங்கி, மனைவியோடு காட்டு வழியாகப் போய், ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தங்கிவர வேண்டும். ஆசையில் தவறு இல்லை. செய்த வரிசைதான் தவறு. முதலில் வண்டி, அப்புறம் சாமான், அப்புறம் ஊர் தேடல், கடைசியில் அனுமதி என்று போனேன். முதல் ஆண்டு முழுக்கப் பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் அலைந்ததில் கழிந்தது. காட்டில் ஒரே ஓர் இரவுதான் தங்கினோம்.

இப்போது நான்காவது ஆண்டு. புக்கிட் மெர்தாஜாமில் என்னிடம் வந்து விசாரிக்கும் நண்பர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். தலைப்புகளின் வரிசையை மாற்றாமல் செய்தால் பணமும் காலமும் மிஞ்சும்.

1. முதல் மூன்று பயணம் அடுத்தவர் வண்டியில்

வண்டி வாங்குவதற்கு முன், அனுபவமுள்ள குழுவோடு பயணியாகப் போங்கள். பினாங்கிலும் கெடாவிலும் ஃபோர்வீல் குழுக்கள் நிறைய இருக்கின்றன. டீசலில் பங்கு கொடுக்கிறேன், சமையலுக்குக் கைகொடுக்கிறேன் என்றால் பெரும்பாலும் ஒரு இருக்கை கிடைத்துவிடும். நீங்களும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.

இதில் மூன்று விஷயம் தெரிந்துவிடும். ஆறு மணி நேரம் குலுங்கும் வண்டியில் உங்கள் இடுப்பு தாங்குமா? இரவில் வெளிக்குப் போக டார்ச்சோடு காட்டுக்குள் நடக்க இருவருக்கும் மனம் ஒப்புகிறதா? உங்களுக்குப் பிடித்திருப்பது சேற்றில் போராடுவதா, ஆற்றோரம் அமைதியாக உட்கார்வதா? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் எந்த வண்டி வாங்குவது என்பதை முடிவு செய்யும். சேறு பிடித்தவருக்குச் சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் வின்ச், பெரிய டயர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஆற்றோரம் பிடித்தவருக்கு நல்ல நிலையில் இருக்கும் சாதாரண ஃபோர்வீல் பிக்-அப்பே போதும். எங்கள் இருவருக்கும் ஆற்றோரம்தான். அது தெரிவதற்கு முன்பே நான் வின்ச்சுக்கு 2,000 வெள்ளிக்கு மேல் கொடுத்துவிட்டேன். இன்றுவரை என் வண்டிக்கு அதை இரண்டு முறைதான் பயன்படுத்தியிருக்கிறேன்.

2. மருத்துவரிடம் போங்கள், உண்மையைச் சொல்லுங்கள்

"சும்மா ஒரு செக்கப்" என்று சொல்லாதீர்கள். மருத்துவமனைக்கு மூன்று நான்கு மணி நேரம் தள்ளியுள்ள இடத்தில் இரண்டு இரவு தங்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பிறகுதான் என் மருத்துவர் டிரெட்மில் சோதனைக்கு அனுப்பினார்.

மாத்திரைகளைப் பயண நாளுக்கு மேல் மூன்று நாளைக்குச் சேர்த்து எடுங்கள். மழையில் பாதை அடைபட்டால் ஒரு நாள் இரண்டு நாள் உள்ளேயே நிற்க வேண்டி வரும். இரண்டு பையாகப் பிரித்து, ஒன்றை வண்டியிலும் மற்றொன்றை உடம்போடும் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் ஐஸ் பெட்டியை நம்ப வேண்டாம். ஐஸோடு நேராகப் பட்டு உறைந்துபோனால் அந்த மருந்தைப் பயன்படுத்தவே கூடாது. வண்டியின் பேட்டரியில் ஓடும் சிறிய குளிர்பெட்டி இவர்களுக்கு அவசியச் செலவு.

3. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

ஒதுக்கும் தொகை முழுவதையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். நான் இப்போது எல்லோருக்கும் சொல்லும் கணக்கு இது: மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல் வண்டிக்கு, கால் பங்கு வாங்கிய முதல் ஆண்டில் வரும் பழுதுக்கு, மீதி சாமானுக்கும் பயணத்துக்கும். பழைய பிக்-அப்பில் டைமிங் பெல்ட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் வாங்கியவர் தலையில்தான் விழும்.

டீசலையும் கணக்கில் சேருங்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசலுக்கான பொது மானியம் நீக்கப்பட்டு, லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அதன் பிறகு சந்தை விலையைப் பொறுத்து மாறுகிறது. தனியார் டீசல் வண்டிக்காரர்களுக்குத் தகுதியிருந்தால் புடி மடானி உதவித்தொகை உண்டு. வண்டியின் வயதுக்கும் நிபந்தனை இருப்பதால், வாங்கப்போகும் வண்டி அதில் அடங்குமா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். என் வண்டி தார்ச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கிறது. செம்மண் பாதையில் ஃபோர் லோவில், அதாவது மெதுவாக அதிக இழுவையோடு போகும் கியரில் போனால் 18 லிட்டர் வரை போகும்.

கேனில் டீசல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கலனில் எரிபொருள் வாங்க அனுமதிக் கடிதம் கேட்பார்கள். அதனால் தொட்டியின் அளவுக்குள் அடங்கும் பயணமாகத் திட்டமிடுங்கள்.

4. பழைய வண்டி வாங்கும்போது முதலில் சேசிஸ் எண்

நான் அடிபட்டது இங்கேதான்.

ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எதுவானாலும் சரி. உங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்குக் கைப்பழக்கம் உள்ளதாகவும், கெரிக் மாதிரி சிறிய ஊரிலும் உதிரிப்பாகம் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். நான் 2013ஆம் ஆண்டு ஹைலக்ஸ் ஒன்றை ஒருவரிடம் நேரடியாக வாங்கினேன். எஞ்சின் நன்றாக இருந்தது. விலையும் பேசி முடித்து முன்பணம் கொடுத்தேன். உரிமை மாற்றத்துக்கு வண்டி ஆய்வு நிலையமான புஸ்பாகோமில் பி5 என்ற ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. அங்கே டார்ச் அடித்துப் பார்த்தவர், "அங்கிள், நம்பர் தெரியவில்லை" என்றார்.

வலது முன்சக்கரத்துக்குப் பின்னால், வண்டியின் அடிச்சட்ட இரும்பில் சேசிஸ் எண் அடித்திருக்கும். பழைய உரிமையாளர் ஆண்டுக்கணக்காகச் சேற்றில் ஓட்டிவிட்டு அந்த இடத்தைக் கழுவாமல் விட்டிருக்கிறார். காய்ந்த மண்ணைச் சுரண்டியதும் துரு செதில் செதிலாக வந்தது. அதோடு கடைசி எண்கள் இரண்டும் போய்விட்டன. எண் தெளிவாக இல்லையென்றால் ஆய்வில் தேறாது. அதைச் சரிசெய்ய சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் வழிகாட்டலோடுதான் போக வேண்டும். நீங்களாகவோ பட்டறையிலோ எண்ணைத் திருத்தினால் அது குற்றமாகிவிடும். எனக்கு ஐந்து வாரம் இழுத்தது. அதுவரை வண்டி பழைய உரிமையாளர் வீட்டு வாசலில், என் முன்பணம் அவர் கையில்.

அதனால் பார்க்கப் போகும்போது டார்ச், கம்பி பிரஷ், பழைய துணி மூன்றையும் கொண்டுபோங்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அதன் பிறகு எஞ்சின் ஓசையைக் கேட்கலாம்.

காகித வரிசை இப்படி:

- பழைய உரிமையாளரின் வங்கிக் கடன் முடிந்ததா? முடியவில்லையென்றால் வங்கி உரிமைக் கோரிக்கையை நீக்கும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள்.
- வண்டிமீது சம்மன் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விற்பவர் கட்டி முடிக்கட்டும்.
- பி5 ஆய்வுக்கு முன்பதிவு செய்யுங்கள். நெரிசல் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டி வரும்.
- உங்கள் பெயரில் காப்புறுதி எடுங்கள்.
- ஜேபிஜேயில் உரிமை மாற்றம். இருவரும் நேரில் போய்க் கைரேகை வைப்பதுதான் குழப்பமில்லாத வழி. மாற்றக் கட்டணமாக நான் 100 வெள்ளி கட்டினேன்.

பி5 சான்றுக்குக் காலக்கெடு உண்டு. அதை வாங்கி வைத்துக்கொண்டு மற்ற வேலையைத் தள்ளிப்போட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தப் பயணத்துக்கும் கிராண்டின் நகலும் ஓட்டுநர் உரிமத்தின் நகலும் ஈரம் படாத உறையில் வண்டியிலேயே இருக்கட்டும். உள்ளே லைன் இல்லாத இடத்தில் உரிமத்தைக் காட்டும் கைப்பேசிச் செயலி திறக்காது.

5. உயர்த்துவதற்கு முன் கேளுங்கள்

சஸ்பென்ஷன் உயர்த்துவது, முன்பக்கம் இரும்பு பம்பர், பின்பெட்டியில் கூரை: இவை எல்லாம் வண்டியின் பதிவு செய்த அமைப்பை மாற்றுகிறவை. எது அனுமதிக்கப்படும், எதற்கு ஜேபிஜே ஒப்புதல் வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். "எல்லோரும் போடுகிறார்கள் அண்ணே" என்று பட்டறைக்காரர் சொல்வார். சாலைத் தடுப்பில் சம்மன் வாங்குவது அவரில்லை.

காப்புறுதி முகவரிடமும் மாற்றங்களை எழுத்தில் தெரிவியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். வெள்ளம், நிலச்சரிவு, மரம் விழுதலுக்கான சிறப்பு ஆபத்துப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா? சாதாரண முழுக் காப்புறுதியில் அது பெரும்பாலும் இருக்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். தார் போடாத பாதையில் நடக்கும் விபத்துக்குப் பணம் தருவார்களா? காட்டிலிருந்து இழுத்துவரும் செலவு யாருடையது? பெரும்பாலான இழுவைச் சேவைகள் சாலையோரத்தோடு நின்றுவிடும்.

தாய்லாந்துக்கு ஓட்டும் ஆசை இருந்தால் அதையும் இப்போதே பேசிவிடுங்கள். நம் வழக்கமான காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணைக்குத்தான் செல்லும். புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகவோ பாடாங் பெசார் வழியாகவோ போகும்போது கிராண்டும் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியும் வேண்டும். வண்டி கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதமும் வேண்டும். 2025 மே 1 முதல் நுழைவு அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். சுங்கத்தில் தரும் வண்டித் தாளைப் பத்திரமாக வைத்து, அதில் போட்டிருக்கும் தேதிக்குள் வண்டியோடு திரும்பிவிடுங்கள். தாமதமானால் நாள்கணக்கில் அபராதம். முதல் ஆண்டில் இது வேண்டாம் என்பது என் கருத்து.

6. அனுமதி: இதை விட்டால் மற்ற எல்லாம் வீண்

என் முதல் பயணம் காட்டின் வாசலிலேயே முடிந்தது. பேராவில் ஒரு பாதையின் தடுப்புக் கம்பியருகே இருந்த காவலர் பெர்மிட் கேட்டார். பினாங்கிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்தோம், வயதானவர்கள், ஓர் இரவுதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கம்பியைத் தூக்கவில்லை. அவர் செய்தது சரி. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச்சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி 10,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

காடு மாநிலத்தின் கையில் இருக்கிறது. அதனால் ஒரு மாநிலத்தில் வாங்கிய பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்லாது. நீங்கள் போகும் பாதை எந்த மாவட்ட வன அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: பயணத் தேதி, உள்ளே நுழையும் இடம், வெளியே வரும் இடம், தங்கும் இடம், எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும், வண்டிகளின் பதிவெண், வழிகாட்டியின் பெயர், வீட்டில் தொடர்புகொள்ள ஒருவர். கூடவே அடையாள அட்டை நகல்கள். கட்டணம் தலைக்குச் சில வெள்ளிதான், காலம்தான் செலவு. எனக்கு ஒரு முறை நான்கு நாளில் வந்தது, மற்றொரு முறை 12 நாள் ஆனது. மூன்று வாரம் முன்னதாக விண்ணப்பித்தால் கவலையில்லை. பெருநாள் விடுமுறை குறுக்கே வந்தால் இன்னும் ஒரு வாரம் கூட்டுங்கள்.

மாநிலப் பூங்காக்களுக்குத் தனி நிர்வாகம் உண்டு. ராயல் பெலும் போக வேண்டும் என்று பலர் வண்டியைத் தயார் செய்கிறார்கள். அங்கே வண்டி ஓடாது. பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு, பண்டிங் தீவுத் துறையிலிருந்து படகில்தான் உள்ளே போக முடியும். ஜொகூரில் எண்டாவ்-ரொம்பின் பூங்காவின் பெத்தா பகுதிக்குக் காஹாங்கிலிருந்து 56 கிலோமீட்டர் மண்பாதை. புதியவர்களுக்கு ஃபோர்வீல் பழக அது அருமையான பாதை, ஆனால் பினாங்கிலிருந்து தூரம். வடகிழக்குப் பருவமழையில் மூடிவிடுவார்கள்.

பாதை பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் கிராமத்தைத் தொட்டுப் போனால், அவர்களுக்கான அரசுத் துறையான ஜக்கோவாவிடமும் கேளுங்கள். கிராமத்துக்குள் நுழைந்ததும் முதலில் கிராமத் தலைவரான பத்தினைப் பார்த்துப் பேசுங்கள். அது அவர்கள் வீட்டு வாசல். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். நாங்கள் அரிசியும் உப்பும் கொண்டுபோவோம். ஒரு முறை பத்தின் எங்களை நாங்கள் நினைத்த ஆற்றோரத்தில் தங்கவிடாமல், மேலே ஒரு மேட்டைக் காட்டினார். அன்றிரவு கெப்பாலா ஆயர் எனும் திடீர் ஆற்றுவெள்ளம் வந்தது. மழையே பெய்யாத எங்கள் இடத்துக்கு மலைமேல் பெய்த மழை தண்ணீராக இறங்கிவந்தது. காலையில் பார்த்தால், நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்த மணல்திட்டைக் காணோம்.

7. சாமான்: குறைவாக, ஆனால் இவை இல்லாமல் போகாதீர்கள்

நல்ல ஆல்-டெரெய்ன் டயர் நான்கு, அதே அளவில் ஸ்பேர் ஒன்று. டயர் ஒன்றுக்கு 500 முதல் 800 வெள்ளி வரை ஆகும். காற்றழுத்தமானி, பேட்டரியில் ஓடும் காற்றடிப்பான். சிக்கிய வண்டியை இழுக்க, அதன் எடைக்கு ஏற்ற மீட்புப் பட்டை, பட்டையை வண்டியோடு பிணைக்கும் ஷாக்கிள் இரண்டு, மண்வெட்டி, மரம் விழுந்தால் அறுக்கக் கைரம்பம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். வண்டிக்கு வண்டி பேச வாக்கி-டாக்கி. சிரிம் தரச்சான்று முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கூரைமேல் கட்டும் கூடாரம் 4,000 வெள்ளிக்குக் குறையாமல் கேட்பார்கள். ஏணியில் இரவில் இரண்டு முறை ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்குமா என்று யோசியுங்கள். நாங்கள் பின்பெட்டியிலேயே பலகை போட்டு மெத்தை விரித்துப் படுக்கிறோம். பலகைக்கும் மெத்தைக்கும் சேர்த்து 350 வெள்ளி ஆனது.

8. ஓட்டப் பழகுங்கள்

ஒரு நாள் பயிற்சிக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. குறைந்தது இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

தார்ச் சாலையில் ஃபோர்வீலைப் போட்டு ஓட்டாதீர்கள், பற்சக்கரம் கெடும். மண் பாதை தொடங்கும் இடத்திலேயே போடுங்கள். சிக்கிய பிறகு போடுவது தாமதம். சேற்றில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள், தாருக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள்.

ஆற்றைக் கடக்கும் முன் கம்போடு நடந்து பாருங்கள். நடக்க முடியாத வேகத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியும் போகக் கூடாது. முட்டிக்கு மேல் ஆழம் என்றால் புதியவர் காத்திருக்கட்டும். உள்ளே இறங்கிவிட்டால் ஒரே சீரான வேகம், நடுவில் கியர் மாற்றம் கூடாது. தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே போய்விடும்.

மிக முக்கியமானது இது. சிக்கிய வண்டியை இழுக்கும்போது, பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையை மாட்டவே மாட்டாதீர்கள். அது தெறித்தால் குண்டு மாதிரி வரும். ஆள் இறந்திருக்கிறார்கள். சேசிஸில் பொருத்திய மீட்புக் கொக்கியில் மட்டும் மாட்டி, மற்ற எல்லோரையும் பட்டையின் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

9. முதல் பயணம்: எப்போது, எப்படி

நம் வடமேற்குப் பகுதிக்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். ஜூன், ஜூலையும் பரவாயில்லை. அக்டோபர், நவம்பரில் பேராக் பக்கம் மழை கொட்டும். கிழக்குக் கரை நவம்பரிலிருந்து மார்ச் வரை வேண்டாம்.

இரண்டு வண்டிக்குக் குறைந்து போகாதீர்கள், மூன்று என்றால் நல்லது. பட்டர்வொர்த்திலிருந்து கூலிம், பாலிங் வழியாக கெரிக் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலை ஐந்துக்குக் கிளம்பினால் கெரிக்கில் பசியாறி, தொட்டியை முழுவதும் நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறும் முன் காட்டு வாசலில் இருக்கலாம். கெரிக்-ஜெலி நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டாதீர்கள். யானை நடமாடும் சாலை அது. 2025 மே மாதம் அங்கே லாரி மோதி ஒரு குட்டி யானை இறந்தது. தாய் யானை அந்த லாரியை விட்டு நகராமல் தலையால் முட்டித் தூக்கப் பார்த்துக்கொண்டே நின்றது. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரனும் வேண்டாம், ஹைபீமும் வேண்டாம். அது போகும்வரை காத்திருங்கள்.

உள்பாதையில் மரம் ஏற்றும் பாலாக் லாரி வந்தால் வழி அதற்குத்தான். மேட்டிலிருந்து சுமையோடு இறங்கும் லாரியால் நிறுத்த முடியாது. வளைவுக்கு முன்பே ஒதுங்க இடம் பார்த்து வையுங்கள்.

வீட்டில் ஒருவரிடம் பெர்மிட் நகலையும் பாதை வரைபடத்தையும் கொடுத்து, ஒரு நேரம் சொல்லுங்கள். என் மகளிடம் நான் சொல்வது: "ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் போன் வராவிட்டால் குழுத் தலைவர் வீட்டுக்குக் கூப்பிடு. மறுநாள் காலை எட்டு மணிக்கும் வராவிட்டால் 999." இடையில் இருக்கும் 12 மணி நேரம் பாதை அடைபட்டால் சமாளிக்க எனக்கு வேண்டிய அவகாசம்.

மூன்று மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேருங்கள். நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே, பட்ட மரத்துக்கு அடியில் இல்லாமல் இடம் பாருங்கள். சோற்றையும் மீன்வாடையுள்ள பாத்திரத்தையும் இரவில் வெளியே விடாதீர்கள்.

10. திரும்பி வந்த அன்றும் அடுத்த சில வாரங்களும்

அன்றே வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், சேசிஸ் எண் உள்ள இடத்தைக் கையால் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஆறு கடந்திருந்தால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள். சிறிய வேலைதான், விட்டால் ஆயிரக்கணக்கில் போகும்.

உடம்பையும் கவனியுங்கள். ஆற்றுத் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரலாம். காட்டுக் கொசு கடித்துக் குரங்கு மலேரியா வரலாம். இரண்டும் முதலில் சாதாரணக் காய்ச்சலாகத்தான் தெரியும். பயணம் முடிந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கிளினிக்கில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக, எந்தக் காட்டுக்கு எந்தத் தேதியில் போனீர்கள், ஆற்றில் இறங்கினீர்களா என்பதைச் சொல்லுங்கள். பெர்மிட் தாளை நான் வண்டியிலிருந்து எடுத்து மருந்துப் பையில் வைத்துவிடுவேன். தேதியும் இடமும் அதிலேயே இருக்கும்.